எழுந்து நின்றால் வராத கோளாறு

மே 9, செவ்வாய்

கத்திரி வெயில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஃபேன் ஓடவில்லை. இன்றும் ஐந்து போன் கால் பாதியில் கட். முதல் போர்டு நான், இரண்டாவது பிலோமினா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மணியடிக்கும் ரிங் கீயை இழுத்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் லைன் எல்லாம் போய்விடுகிறது. தனித்தனியாக இழுத்தால் ஒன்றுமில்லை. மல்லாட்டை மண்டிக்காரர் இரண்டு பேரும் கதையடிக்கிறோமா என்று கத்தினார். மூஞ்சியைப் பார்.

வாங்க: ஊசி, நைனாவுக்கு இருமல் மருந்து.

மே 10, புதன்

விழுப்புரத்திலிருந்து இன்ஸ்பெக்டர். அத்தர் வாசனை முதலில், ஆள் பிறகு. வழக்கம்போல் எழுந்து கைகட்டி நின்றோம். பிலோமினா போர்டில் உட்கார்ந்து ஒரு கால் போட்டார், கட் ஆகவில்லை. பிறகு என் போர்டில் ஒன்று, அதுவும் கட் ஆகவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. ஆளுங்கதான் சரியில்ல."

இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் வரும் என்றேன். பொம்பளைக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்றார். மேதாவி. மண்டையில் மசாலா இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் புகார் நிற்காவிட்டால் பிலோமினாவை நிறுத்திவிடுவாராம். அவள் டெம்பரரி. வல்லத்தில் ஐந்து பேருக்கு இவள் சம்பளம்தான் சோறு.

மே 11, வியாழன்

பல் விளக்கும்போது உறைத்தது. அவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். நின்றால் போர்டில் கை இல்லை. கை இல்லையென்றால் கோளாறும் இல்லை. அடச் சீ, இது இத்தனை நாள் தோன்றவில்லையே. ஊசி மறந்தாயிற்று.

மே 12, வெள்ளி

வந்தார். நான் எழவில்லை. எழப்போன பிலோமினாவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் முகம் சுண்டியது. தன் வீட்டுக்குக் கால் போடச் சொன்னார். மனைவியிடம் மாம்பழம் பற்றிப் பேச்சு. கண் காட்டினேன், இரண்டு பேரும் கீயை இழுத்தோம். "அலோ, அலோ" என்றார். மறுபடி போட்டேன், மறுபடி கட். மூன்று தடவை.

பேட்டரி அறைக்கு ஓடினார். இரண்டு போர்டுக்கும் ஒரே பேட்டரி. முனையில் பச்சை பூத்து ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு போர்டைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. லைன்மேன் உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். பத்து நிமிஷ வேலை. கீயை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம், லைன் கட் ஆகவில்லை.

"அக்கா, என் வேல போவாதில்ல?" பிலோமினா. போகாது என்றேன்.

மே 15, திங்கள்

தபாலில் மெமோ. கோளாறு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலதிகாரி வந்தபோது எழுந்து நிற்காததற்கு விளக்கம் கேட்டு. என் பெயர் மட்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்தபடியே.