சுலைஹா ராத்தா எப்போது அழுதார்?

ஜனவரி 21, 2025. செவ்வாய்

மனம் நிறைந்த நாள். கனகாலத்துக்குப் பிறகு.

காணிக் கந்தோரில் சுலைஹா ராத்தா இரண்டு மணித்தியாலம் நின்றபடி பேசினார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. கூடப்போன பதின்மூன்று பெண்களும் அவருக்குப் பின்னால். நான் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டு. தொண்ணூறில் எங்கள் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுத் துரத்தியபோது ராத்தாவுக்குப் பதினாறு வயது. புத்தளம் முகாமிலிருந்து திரும்பி வந்தும் வாப்பாவின் காணி இன்னும் கைக்கு வரவில்லை. அளந்து எல்லைக்கல் போட்டால்தான் பத்திரம் கிடைக்கும். மார்ச் 31க்குள் அளக்காவிட்டால் பதினான்கு பேரின் விண்ணப்பக் கோவையையும் மூடிவிடுவார்கள்.

ராத்தா அரசாங்கச் சுற்றுநிருபத்தின் பந்தி இலக்கத்தையே சொல்லிக் கேட்டார். உத்தியோகத்தர் கனகரத்தினம் ஐயா அலுமாரியைத் திறந்து அதைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “நீங்கள் சொல்லுறது சரிதான் அம்மா. வாற மாசம் அளக்க ஆள் அனுப்புறன்.”

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தலைப்பு: “காணி அளவைக்கு உறுதி பெற்றனர் பதினான்கு பெண்கள்.” ராத்தா சுற்றுநிருபத்தில் விரல் வைத்துக் காட்ட, ஐயா குனிந்து பார்க்கிற படமும் சேர்த்து. ஏழு வருடமாகப் பிரதேசச் செய்தியாளராக இருக்கிறேன். இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வந்திருக்கிறது. அரைப்பக்கம். “கறுப்புத் திரைக்குள் கண்ணீர்.”

நான் ‘வாதிட்டார்’ என்று எழுதினேன். அவர்கள் ‘கண்ணீர் மல்க மன்றாடினார்’ என்று போட்டிருக்கிறார்கள். பந்தி இலக்கம் இல்லை. மார்ச் 31 இல்லை. ஐயா கொடுத்த உறுதி இல்லை. பதினான்கு பேர் ‘அபலைகள்’ ஆகிவிட்டார்கள். என் படமும் இல்லை. கண் மட்டும் தெரிய முகத்தை மூடிய யாரோ ஒருத்தி. எங்கள் பதினான்கு பேரில் முகம் மூடுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது!

கீழே பெயர்: மன்னாரிலிருந்து ஜெஸீமா. என் பெயரை மட்டும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள்.

ராத்தா போன் எடுத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“நான் எப்ப புள்ள அழுதனான்?”



ஜனவரி 27, திங்கள்

கொழும்பில் பத்திரிகைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். செய்தி ஆசிரியர் கீர்த்தனன் அண்ணன் தன்மையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல். “வாசிக்கிறவன் இரங்கினால்தானே தங்கச்சி ஏதும் நடக்கும்? உங்கட ஆக்களுக்கு நல்லதுதானே செய்தனாங்கள்.”

பெப்ரவரி 1, சனி

படத்தில் இருப்பது லூசியா அக்கா!

பேசாலையிலிருந்து அவவே அழைத்துச் சொன்னா. போன வருடம் கருவாடு காயப்போடும் பெண்களைப் பற்றி எழுதியபோது நான் எடுத்து அனுப்பிய படம்தான். வெயிலுக்கும் மொய்க்கிற இலையானுக்கும் பயந்து பழைய சீலையால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தா. பின்னால் இருந்த கருவாட்டையும் கடலையும் வெட்டிவிட்டார்கள். நான் எடுத்த படத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நானும் கறுப்பைத்தான் பார்த்திருக்கிறேன், வெட்கக்கேடு.

“எனக்குக் கோவமில்லை பிள்ளை. ஆனா என்னைக் கேக்காமல் ஏன் போட்டவை? அதை மட்டும் சொல்லு.”

சொன்னேன். கொழும்புக்கும் தகவல் போட்டேன், படத்தில் இருப்பது கத்தோலிக்கப் பெண் என்று. ஐந்து நிமிடத்தில் கீர்த்தனன் அண்ணன் பதறிப்போய்த் திருப்பி எடுத்தார்.

பெப்ரவரி 2, ஞாயிறு

இரண்டாம் பக்கத்தில், பெட்டி கட்டி:

“கடந்த வாரம் வெளியான படத்தில் இருப்பவர் முஸ்லிம் பெண் அல்லர். அவருக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறோம்.”

மன உளைச்சல் என்று லூசியா அக்கா சொல்லவேயில்லை. முஸ்லிம் என்று சொன்னது அவ்வளவு பெரிய அவமானம் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். ராத்தா அழவில்லை என்று நானும் திருத்தம் கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அண்ணனிடமிருந்து ஒரு தகவல்: “இனிப் பிரச்சினை வராமல் உண்மையான முஸ்லிம் பெண் ஒருவரின் படம் அனுப்பி வையுங்கோ. முகம் மூடினதாக.”

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அளக்க ஆள் வரவில்லை. கந்தோருக்குப் போனோம். கனகரத்தினம் ஐயா என்னைக் கண்டதும் சிரித்தார். “உங்கட செய்தி பாத்தனான் பிள்ளை. இவ்வளவு கஷ்டப்பட்ட சனமெண்டு எனக்குத் தெரியாது. கோவையைச் சமூகசேவைப் பக்கம் அனுப்பியிருக்கிறன். அவை கட்டாயம் உதவுவினம்.”

நல்ல மனிதர். நல்லது செய்கிறேன் என்றே நினைத்திருக்கிறார்.

பின்னேரம் ராத்தா வீட்டு வாசலில் சமூகசேவை வான் வந்து நின்றது. அரிசி, பருப்பு, ஒரு தையல் மெசின். நாலு பேர் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ராத்தாவுக்குத் தைக்கவே தெரியாது. அவர் நெல்லுக்குத் தண்ணீர் கட்டுகிற பெண்.

நான்தானே எழுதினேன்? நான் எழுதாமல் இருந்திருந்தால் இந்நேரம் கல் போட்டிருப்பார்களே. யாரிடம் போய்ச் சொல்ல? ஐயோ, என்ர கையாலதானே கெடுத்தனான்.

பெப்ரவரி 25, செவ்வாய்

கந்தோருக்கு நாலு தரம் போயாயிற்று. “கோவை இங்கே இல்லை.”

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. மார்ச் 31க்கு இன்னும் இருபத்தெட்டு நாள். ஒரு தொலைக்காட்சிக்காரர் அழைத்து, அந்தச் செய்தியில் வந்த பெண்ணைப் பேட்டி எடுக்க வேண்டும் என்றார். “முகம் மூடினவவைத்தான் கேக்கினம்.” போனை வைத்துவிட்டேன். ராத்தாவிடம் சொன்னேன், சேர்ந்து சிரிக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ராத்தாவேதான் தொலைக்காட்சிக்காரரை வரச்சொன்னார். “மச்சிட நிக்காப் இருக்கு, மொகத்த மூடிக்கிறன். வரச்சொல்லு புள்ள.” நான் வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். “உனக்குக் காணியா போகுது?” என்று ஒரே கேள்வி. நானே அவருக்கு அழைத்துச் சொன்னேன்.

பத்து நிமிடம். பந்தி இலக்கம் சொல்லவில்லை, கடதாசி காட்டவில்லை. காணியைக் காணாமலே வாப்பா மௌத்தாகிப் போனதைச் சொன்னார், தையல் மெசினைத் தடவிக் காட்டினார், அழுதார். கமராக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன்.

எல்லோரும் போன பிறகும் ராத்தாவுக்கு அழுகை நிற்கவில்லை. துணியை விலக்கி, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: “தொடங்கினது நான்தான் புள்ள. நிப்பாட்டத்தான் ஏலாமப் போச்சு. நோம்போட நடிச்சதுக்கு அல்லாஹ் மன்னிக்கட்டும்.”

மார்ச் 20, வியாழன்

அளந்துவிட்டார்கள். பதினான்கு துண்டும். டீவியில் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து கந்தோருக்கு அழைப்பு வந்ததாம்.

“முப்பத்தஞ்சு வருசம் கடுதாசி காட்டினம். பத்து நிமிசம் அழுதன்.” இதைத் தவிர ராத்தா என்னோடு வேறு எதுவும் பேசவில்லை. நான் படம் எடுக்கப் போனபோது கையால் மறைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

ராத்தா இப்போது பஜாருக்கு வருவதில்லை. பஸ்ஸில் ஏறினால் எழும்பி இடம் கொடுத்து, “பாவம்” என்கிறார்களாம்.

காலையில் சிலாவத்துறைப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். தாயும் மகளும். அவர்களுக்கும் காணிப் பிரச்சினை. ஒரு கட்டுக் கடதாசி கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வாங்கி வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றிலும் குறையில்லை. நன்றாக எழுதலாம், வெல்லவும் கூடும் என்று சொன்னேன்.

தாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடதாசிகளை மடித்து வைத்தார். பிறகு கடைப் பையிலிருந்து இரண்டு புது நிக்காப் எடுத்து மேசையில் வைத்தார். விலைத்துண்டு கூடக் கழற்றவில்லை.

“புள்ள, டீவிக்காரங்களுக்கு எப்பிடி அழோணும் எண்டு சொல்லித் தாங்க. மகளுக்கு அழுகை வராது.”

அந்தப் பிள்ளை தலை குனிந்து நின்றது. நான் போனை எடுத்து, அந்தத் தொலைக்காட்சிக்காரரின் இலக்கத்தைத் தேடினேன்.