இடுப்பு உயரத்து ஆணிகள்

அக்டோபர் 6

இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம். பழைய வீடு, எவ்வளவு துடைத்தாலும் அழுது வடிகிறது. இலையுதிர் காலத்துக்கு ஏற்றபடி ஏதாவது அலங்காரம் செய்யலாம் என்று ஆசை. ஆனால் என் சோம்பலுக்கு, அரைமணி நேர வேலை என்றால்தான் நடக்கும். வாசல் மரத்தடியில் பழுத்த இலைகளைப் பொறுக்கிச் சணல் கயிற்றில் கோத்தேன்.

புது ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கட்டளை. "இருக்கிற ஆணியிலயே மாட்டிக்கங்கம்மா." இருக்கிற ஆணிகளோ இடுப்பு உயரத்தில். அம்மாவின் அறையில் தொடங்கி, நடைவழி நெடுகக் குளியலறை வரை, வரிசையாகப் பதினொன்று. இந்த உயரத்தில் யார் படம் மாட்டினார்களோ. அப்படியே கட்டிவிட்டேன்.

அக்டோபர் 9

நடைவழியில் இலைத்தூள். பெருக்கினேன்.

அக்டோபர் 10

மறுபடியும் தூள். காற்று என்றால் இலை உதிரும், இப்படிக் கசங்காது. யாரோ கையால் உருவிக்கொண்டே போன மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "எலியா இருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 13

அக்கா போன் செய்தாள். "பகலெல்லாம் நீ கடையில, அம்மா தனியா. பேசாம ஒரு முதியோர் இல்லமாப் பார்த்துச் சேர்த்துடலாம்டி." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ச்சே.

அக்டோபர் 16

குழாய் பார்க்க வந்த வீட்டுக்காரர் கயிற்றைக் கண்டதும் நின்றுவிட்டார். "எங்க அத்தைக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. பிடிச்சு நடக்க இதே ஆணியிலதான் கயிறு கட்டியிருந்தோம். அவங்க போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு." குழாயைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்.

இன்று நடைவழி விளக்கை அணைக்காமலே படுக்கப் போகிறேன்.

அக்டோபர் 18

தலைவலி. மதியமே வந்துவிட்டேன். கதவைத் திறந்தால் நடைவழியில் சரசரப்பு — அம்மா. ஒரு கை கயிற்றில், ஒரு கை காற்றைத் துழாவியபடி. என் காலடிச் சத்தம் கேட்டதும் கயிற்றை விட்டு எதிர்ச் சுவரோரம் ஒதுங்கினாள். "நீங்க போங்க. அப்புறம் நான் வர்றேன்."

"அம்மா, நான்தான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு மங்கி ஆறு மாசம் ஆச்சு. சொன்னா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவீங்க. நீ கயிறு கட்டினதும், தெரிஞ்சுதான் எனக்காகக் கட்டினியோன்னு நெனச்சேன்."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தேன், பெற்றவள் கண்ணைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

"யாரைம்மா போகச் சொன்னே?"

"தினமும் எதிர்ல வர்றவங்களைத்தான். பாவம், அவங்களும் தடவித் தடவித்தான் வர்றாங்க."

பகலில் இந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

அக்டோபர் 21

கண்புரைதான். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அக்காவிடம் சொல்லிவிட்டேன்: அம்மா என்னோடுதான் இருப்பாள்.

அக்டோபர் 27

ஆபரேஷன் முடிந்து தேறும்வரை இருவரும் அக்கா வீட்டில். கிளம்பும் முன் புது இலை கோத்தேன். தரையைப் பெருக்கினேன். சன்னல்களை எல்லாம் சாத்தினேன். வேண்டுமென்றேதான்.

அக்டோபர் 31

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். நடைவழி முழுக்கத் தூள். துணி எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

நவம்பர் 12

அம்மாவோடு வீடு திரும்பினேன். வந்ததும் என் தலையைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சிருச்சா உனக்கு" என்றாள். சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது.

மரத்தில் இலை தீர்ந்துவிட்டது. அலங்காரத்தைக் கழற்றப் போனேன்.

"இலையை எடு. கயித்தை விட்டுடு."

"உனக்குத்தான் பார்வை வந்துடுச்சே."

"எனக்கில்லடி."

சணல் பிசிறு கையைக் குத்தும். கொஞ்சம் தடிமனான பருத்திக் கயிறு வாங்கி, பதினொரு ஆணியிலும் இழுத்துக் கட்டினேன். இன்று முதல் நானும் எதிர்ச் சுவரோரமாகத்தான் நடக்கிறேன்.