ரோலி மாமாவின் விளக்கு

கிரிம்ஸ்பி
4 மார்ச் 1997

அன்பு மகள் பெவர்லிக்கு அம்மா எழுதுவது. நீயும் கிரெய்க்கும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. வீட்டில் எழுதினால் அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார் என்று நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். "புள்ளைக்கு ஏழு மாசம், கேட்டா அடுத்த விமானத்துல ஏறிடுவா, வாயைத் திறக்காதே மேவிஸ்" என்று சத்தியம் வாங்கிவிட்டார். நீ போன் செய்தபோது அப்பா குளிக்கிறார் என்றேனே, அது பொய். இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்கள் அடைத்திருக்கிறதாம், நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டுமாம், அவ்வளவு நேரமும் ஓர் எந்திரம்தான் அவருக்காக மூச்சு விடுமாம். டாக்டர் பெண் இதைச் சொன்னதும் அப்பா கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் மூச்சை நானே விட்டுக்கறேன்" என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கட்டிலில், திரைக்கு அந்தப் பக்கம், ஒரு கிழவர். மூன்றாம் நாள் அவர் நர்ஸிடம் "தேநீர் ஆறிப் போச்சே கண்ணு" என்ற குரலைக் கேட்டதுமே அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மேவிஸ், இது ரோலி மாமா குரல்!" உனக்கு அவரைத் தெரியாது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வியாழன்தோறும் ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் வருவார். ராணியின் முடிசூட்டு விழாவுக்கென்று அப்பாவின் தெருவில் ஒரே ஒரு வீட்டில் பெட்டி வாங்கியிருந்தார்கள், மிஸஸ் டாட்ஸ்வெல் வீட்டில், அந்த அம்மாள் காலணியைக் கழற்றச் சொல்லித்தான் கம்பளத்தில் உட்கார விடுவாராம். ரோலி மாமாவின் மேஜையில் அட்டையில் செய்த கலங்கரை விளக்கம் இருக்கும். கடைசியில், "மூச்சை இழுங்க பிள்ளைங்களா, இப்போ ஊதுங்க!" என்பார். நாடு முழுக்கப் பிள்ளைகள் ஊதுவோம், விளக்கு எரியும். நானும் ஊதியிருக்கிறேன்.

நான் திரையை விலக்கினேன். எழுபது தாண்டி, கன்னமெல்லாம் ஒட்டிப்போய், ஆனால் புருவம் மட்டும் அதே புருவம். கிளீதோர்ப்ஸில் கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறாராம். இரண்டு பேரும் அந்தக் காலத்துத் தொலைக்காட்சி முகங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டார்கள், பொம்மைக் கழுதையோடு வந்த பெண்மணி, வானிலை சொல்லும்போது தும்மிக்கொண்டே இருந்த மனிதர். அப்பா சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு திடீரென்று அப்பா கேட்டார், குரல் எட்டு வயதுப் பையனுடையது போல இருந்தது. "ஒரு வியாழக்கிழமை எனக்குத் தட்டம்மை, ஊத வரல. அந்த வாரம்தான் எங்கப்பாவோட கப்பல் திரும்பி வரல. நான் ஊதாம, அன்னிக்கு விளக்கு எரிஞ்சுதா?"

பெவர்லி, இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன். உன் தாத்தா கடலில் இறந்துபோனது தெரியும், அப்பா அதற்குத் தன்னையே காரணமாக நினைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கிழவர் முழங்கையை ஊன்றி எங்கள் பக்கம் திரும்பினார். அப்புறம், "டேய் பையா, மேஜைக்கு அடியில ஒரு சுவிட்சு, நான்தான் காலால மிதிப்பேன். எவன் ஊதினாலும் ஊதாட்டியும் அது எரியும். ஒரு வியாழன்கூடத் தவறினதில்ல" என்றார். அப்பா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். "என் இதயத்தைத் தொடமாட்டோம்னுட்டாங்க, அது தாங்காதாம். உனக்குச் செய்யறேங்கறாங்க. வாங்கிக்கடா, மடையா" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அதட்டல். மறுநாள் காலை அப்பா தானாகவே பேனாவைக் கேட்டார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. ரோலி மாமா இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறார், அப்பா தினமும் மதியம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் நாற்காலியில் கண்ணயர்ந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கையெழுத்துப் போடு போடு என்று நச்சரித்தது நான்தானே, ஏதாவது ஆனால் நான்தானே பொறுப்பு என்று மனசு அடித்துக்கொள்கிறது. சத்தியத்தை மீறி எழுதுவது தப்புதான், ஆனால் முடிந்த பிறகு உனக்குத் தெரிவதைவிட இது தேவலை. நீ விமானம் ஏறாதே. கனமாக எதையும் தூக்காதே, ஈரத் துணியைக்கூடக் கிரெய்க்கே காயப்போடட்டும்.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், சுகப்பிரசவம் ஆகட்டும். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் செய். உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேள், வெகுநேரம் பேச வை. அழுவதானால் முதலிலேயே அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்புறம் போனை எடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மேவிஸ்