ஃபிரிட்ஜில் தூங்கும் அந்துப்பூச்சி

ஹிலரி,

கோபம் தீரலைன்னாலும் இதைப் படி. ஃபிரிட்ஜ்ல வெண்ணெய்க்குப் பக்கத்துல இருக்கிற குட்டி டப்பாவைத் திறக்காதே. உள்ளே என் அந்துப்பூச்சி, குளிர்ல தூங்குது. "ஒண்ணு அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்"னு நேத்து சொன்னே. இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும் இருங்க.

மதியம் பூச்சி நிபுணர் பெட்டிஃபர் வருவார். இதே ஜாடையில இன்னொரு வகை இருக்காம். புழுவா இருந்தப்போ தின்ன செடியை வெச்சுத்தான் எதுன்னு சொல்ல முடியுமாம். கேரட் ஜாதிச் செடி, பேரு எனக்குத் தெரியலை. காய்கறித் தட்டுல ஈரத்துணியில சுத்தி வெச்சிருக்கேன், காட்டு.

டெஸ்மண்ட்

பி.கு. இப்பதான் பார்த்தேன், துணி மட்டும் இருக்கு. நேத்து நீ வெச்ச சூப்புல வாசனை புதுசா இருக்குன்னு ரெண்டாவது கிண்ணம் கேட்டவன் நான்தான். அதனால சண்டை வேண்டாம். புழு எதைத் தின்னுச்சுன்னு பெட்டிஃபர் கேட்டா, நாங்க தின்னதைத்தான்னு சொல்லிடு.