வெளுத்ததுதான் பழசு என்று சொன்னேன்

13 ஜூன் 1988, திங்கள்

விடியலிலிருந்து மழை. சப்பாத்து காயவில்லை. ஈரத்தோடு பள்ளிக்கு. சரித்திரம் 17/20.

வகுப்பில் ஒரு பழைய பத்திரிகை சுற்றி வந்தது. அட்டை இல்லை. ஆண்கள் எங்கே எந்த ஜீன்ஸ் போடலாம் என்று இரண்டு பக்கம். குறித்துக்கொண்டேன். எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குச் சரிவராததை நானே மாற்றினேன்.

கோயில்: கூடவே கூடாது. வேட்டி.
டவுன், பஸ்: கருநீலம். சட்டை உள்ளே. பெல்ட்.
கல்யாணம்: கருநீலம், நன்றாகத் தேய்த்தது. வெள்ளைச் சட்டை.
காட்டு வேலை: வெளுத்தது, பழையது.

சாயங்காலம் அம்மா அண்ணன் பெட்டியைத் திறந்தார். செம்பனை முள் அப்பாவின் சிலுவாரை, வேலைக்குப் போடும் கால்சட்டையை, கிழித்துவிட்டது. அண்ணன் கிள்ளானில் பேக்டரி வேலை, அங்கேயே தங்கல். பழசு ஒன்றை அப்பாவுக்கு வெட்டிக்கொடுக்கலாம் என்று அம்மா. உள்ளே இரண்டு ஜீன்ஸ். ஒன்று கருநீலம், ஒன்று வெளுத்தது.

“பாப்பா, நீதான் படிக்கிற புள்ள. இதுல எது பழசு?”

குறிப்பைப் பார்க்கக்கூட இல்லை. “வெளுத்ததுதாம்மா.”

அப்பா அண்ணனைவிடக் குட்டை. மூன்று விரல் வெட்டி, ஒரு விரல் மடித்துத் தைத்தாகிவிட்டது.

14, செவ்வாய்

அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. “நல்ல சிலுவார். முள்ளு உள்ள ஏறல.” அப்பா ஒரே நாளில் இவ்வளவு பேசுவது அபூர்வம். எனக்குப் பெருமை.

புதன் – கணக்கு வீட்டுப்பாடம். வேறொன்றுமில்லை.

16, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

அண்ணன் ஐந்து மணி பஸ்ஸில் வந்தார், கல்யாணத்துக்காக லீவு. ஞாயிறு கெர்லிங்கில் உறவுக் கல்யாணம். அங்கே இசைக்குழுவோடு முதல் தடவை மேடையில் பாடப் போகிறார். வந்ததும் பெட்டியைத் திறந்தார்.

“போன தடவ வச்சுட்டுப் போன எம் புது ஜீன்ஸ் எங்கம்மா?”

“உள்ளதான்யா இருக்கு. பழசத்தான் அப்பாவுக்கு வெட்டிட்டேன்.”

“அம்மா! அதாம்மா புதுசு!”

“வெளுத்துல்ல போயிருந்துச்சு?”

“கல்லு போட்டு வெளுக்க வச்சுதாம்மா விக்கிறாங்க. ஸ்டோன்வாஷ். குழுவுல அஞ்சு பேரும் அதான் போடணும்.”

“வெளுத்ததுக்கா காசு குடுத்து வாங்குன?”

அப்போதுதான் அப்பா வேலை முடிந்து வாசலுக்கு வந்தார், அதையே போட்டுக்கொண்டு. முழங்காலில் செம்மண். யாரும் ஒன்றும் சொல்லாமலே புரிந்துகொண்டார். கைலிக்கு மாறி, பைப்படியில் உட்கார்ந்து தானே துவைத்தார். அம்மா வாங்கப் போனபோதும் கொடுக்கவில்லை.

“பழசுன்னு யாரு சொன்னா?” என்று அண்ணன்.

நான்தான் என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேசவும் இல்லை.

17, வெள்ளி

அண்ணன் இன்னும் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கருநீலத்தைப் போட்டுப் பார்த்தார். அளவு சரி, நிறம் தப்பு. மற்ற நான்கு பேருக்கு நடுவில் தனியாகத் தெரியும். வெளுத்ததைப் போட்டார். கணுக்கால் முழுக்க வெளியே. அம்மா சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

மடிப்பைப் பிரித்தேன். அம்மா சின்னச் சின்னத் தையலாகப் போட்டிருந்தார், பிரித்து முடிக்க மணி நான்கு ஆனது. ஒரு விரல் நீளம் கிடைத்தது. மூன்று விரல் இன்னும் கடன்.

18, சனி

காலுறை யோசனை. வெள்ளை போட்டால் இடைவெளி பளிச்சென்று தெரியும். ஜீன்ஸ் நிறத்திலேயே இருந்தால் கண் ஏமாறும். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டு, கடைசி வீட்டு லெட்சுமி அக்காவிடம் ஒரு ஜோடி வெளிர்நீலம். குதிகாலில் ஓட்டை, தைத்தேன். அண்ணன் சப்பாத்துக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எடுத்தாரா தெரியாது.

19, ஞாயிறு

தோட்ட லோரியில் கெர்லிங். நல்ல வெயில். அண்ணன் காலில் வெளிர்நீலக் காலுறை!!

நின்றால் சுமார். நடந்தால் தெரிகிறது.

மண்டபத்தில் குழுத் தலைவர் மேலும் கீழும் பார்த்தார். “என்னடா, வெள்ளம் வரும்னு காத்திருக்கியா?” எல்லாரும் சிரித்தார்கள். “முன்னால வராதலா. டிரம்ஸுக்குப் பின்னால நின்னு பாடு.”

முதல் பாட்டு. குரல் மட்டும் வந்தது. முன்னால் வெறும் மைக் கம்பம். எங்கள் மேசை அம்மாக்கள் கழுத்தை நீட்டித் தேடினார்கள்.

“ஆளே காணோம், கேசட் போடுறாங்களா?”

“எம் மவன்!” அம்மா சத்தமாக.

“எங்க?”

அம்மா கையை நீட்டினார். அங்கே டிரம்ஸ்தான் தெரிந்தது.

அப்பா எழுந்தார். சம்பள நாளில் ஆபீஸ் கிராணியிடம்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற அப்பா. மேசைகளுக்கு நடுவே நடந்துபோய், தலைவரிடம் ஏதோ சொன்னார். தலைவர் டிரம்ஸ் பக்கம் திரும்பி, முன்னால் வா என்று கை காட்டினார்.

இரண்டாவது பாட்டுக்கு அண்ணன் முன்னால். மூலையில் இரண்டு பேர் கடைசி வரை காலைப் பார்த்துச் சிரித்தார்கள். மற்றவர்கள் பாதிப் பாட்டிலேயே கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கை தட்ட மறந்துபோனேன்.

என்ன சொன்னீங்க என்று அப்பாவிடம் கேட்டேன்.

“அது என் சிலுவாருன்னேன். எம் பையன் என் சிலுவாரப் போட்டுக்கிட்டு ஒளிஞ்சு நிக்கக் கூடாதுன்னேன்.”

திரும்பும்போது லோரியில் கூட்டம். அண்ணன் கடைசியாக ஏறினார். எதிர்ப்பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. என் முன்னால் வந்து நின்றார்.

“தள்ளி உக்காரு.”