என் தலையில் கை வைத்து நீ செய்த சத்தியம்

ரண்டர்ஸ், டென்மார்க்
புரட்டாதி 1986

அன்பு மகன் நந்தனுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் துணையால் அப்பாவும் நானும் தங்கச்சி மலரும் இங்கே சுகம். உன் சுகம் எப்படி என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை கேட்கவே நெஞ்சு பதறுகிறது, அதனால் நீ எழும்பி உட்கார்ந்து இதை வாசிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே. உன் கடிதத்தை வாசித்த கையோடு கறிக்குக் கோவா வெட்டப்போய் வலது கை விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன், பெரிய காயமில்லை, ஆனால் கட்டுப் போட்ட விரலால் பேனை பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல மலர்தான் எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுதடி, உன் பகிடியெல்லாம் வேண்டாம் என்று சொல்லித்தான் இருத்தியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குள் வருவது எல்லாம் நான். அம்மா அன்றைக்குச் சமைத்தது கோவாச் சுண்டலும் கொஞ்சம் அம்மாவும். அப்பா ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.)

நீ காத்மண்டுவிலிருந்து வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திபெத்துக்குப் போகிற பஸ்ஸில் மெக்கானிக்காக ஏறினபோதே எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது மழைக்கு மலை சரிந்து பாதை அடைபட்டு, பயணிகள் லாசாவுக்குப் போய் விமானம் ஏறிவிட, பஸ்ஸும் நீயும் மட்டும் அந்தக் கியாந்த்சே என்ற ஊரில் மாட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். ஆற்றங்கரையில் பார்லி வெட்டுகிறார்கள், வானம் கைக்கு எட்டுகிறது, பாறையின் மேல் பழைய கோட்டை நிற்கிறது என்றெல்லாம் அழகாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு மூலையில் தலையிடி என்றும், மூக்கால் இரத்தம் வந்தது என்றும், படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ ஹூக்கா குடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றும் எழுதியிருந்தாய். நீ அதைப் பகிடி என்று நினைத்து எழுதினாய். மலர்கூடச் சிரிக்கவில்லை.

அதைவிட என்னைச் சாகடித்தது மற்றது. அந்த மடத்துப் பிக்குமார் வந்து, பஸ்ஸுக்குள் குளிரில் படுக்காதே, எங்களிடம் அடுப்புப் பக்கத்தில் அறை இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டார்களாம், நீ போகவில்லையாம். உன் வயதுக்கும் குறைந்த ஒரு சின்னப் பிக்கு தினமும் விடியக்காலையில் வெண்ணெய் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து பஸ்படியில் வைத்துவிட்டுப் போவானாம், அவன் மறைந்த பிறகு நீ அதை மண்ணில் ஊற்றிவிடுவாயாம். அம்மாவுக்குச் சத்தியம் செய்தேனே, மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். (பெயர் நந்தன், வீடு தேடி வருகிற வெண்ணெயை நிலத்தில் ஊற்றுகிறாய். கோகுலத்தில் கேள்விப்பட்டால் உன்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள். நான் என்றால் சத்தியமும் செய்திருப்பேன், தேத்தண்ணியும் குடித்திருப்பேன். எங்கள் வீட்டில் நீ ஒருவன்தான் சொன்ன சொல் காக்கிறவன், பார், அதுதான் வினையாய்ப் போயிற்று.)

நான் ஏன் அந்தச் சத்தியத்தை வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். மெட்ராஸில் அந்த லொட்ஜ் வாசலில் நாங்கள் இந்தப் பக்கமும் நீ அந்தப் பக்கமுமாகப் பிரிகிறபோது, காத்மண்டு என்ற பெயரைக் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, அங்கே விகாரை இருக்கோ என்பதுதான். ஓம் அம்மா, நிறைய இருக்கு என்று நீ சிரித்தாய். எனக்கு உடனே கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தி கண்ணுக்குள் வந்தது. ஆடிக் கலவரத்தில் அப்பாவின் கடை எரிகிறபோது அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பிக்குவின் மஞ்சள் துணி நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உன் கையை இழுத்து என் தலையில் வைத்து, அவங்கட படலைக்குள்ளே கால் வைக்கமாட்டன், அவங்கட கையாலே தண்ணிகூட வாங்கமாட்டன் என்று சொல்ல வைத்தேன். நீயும் சொன்னாய். நீ அனுப்பின படத்தில் அந்த மடத்துக் கோபுரத்தின் நெற்றியில் வரைந்திருக்கிற பெரிய கண்களைக் கண்டதும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். அந்தக் கண்கள் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்று எனக்கு ஒரு பயம்.

(அண்ணா, இதை அம்மா எழுதச் சொல்லவில்லை. படத்தைத் திருப்பி வைத்ததைப் பார்த்து எனக்குச் சேட்டை வந்தது. மஞ்சள் யன்னல் சீலையை உருவிப் பிக்கு மாதிரி உடம்பில் சுற்றி, குளிக்கிற தொப்பியைத் தலையில் மாட்டி, கைகூப்பிக்கொண்டு குசினிக்குள் போய் நின்றேன். சட்டியால் எறிவா, பிறகு சிரிப்பா என்று நினைத்தேன். அம்மா கத்தவே இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்குக்குள் முதுகை நுழைத்துக்கொண்டு, பிள்ளையள் வீட்டிலே இல்லை, பிள்ளையள் வீட்டிலே இல்லை என்று, கடை எரிந்த அன்றைக்குச் சொன்ன மாதிரியே மெல்லச் சொன்னா. நான் சீலையை எறிந்துவிட்டு மலர், மலர் என்று என் பெயரை நானே சொல்லிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்தச் சீலையை நான் திரும்பக் கொழுவவில்லை. வீதியில் போகிறவர்கள் எல்லாம் எங்கள் சோற்றுக்கோப்பையைப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.)

என்னடி இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று கேட்டால் எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்கிறாள். சரி, விசயத்துக்கு வாறன். எங்களுக்கு டெனிஷ் படிப்பிக்கிற ரீச்சர் பிர்தே, போன கிழமை வகுப்பு முழுவதையும் சில்க்போர்க் பக்கம் ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அதற்கு இவர்கள் வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (மலையே இல்லாத நாட்டில் ஒரு மண்மேட்டைக் கண்டு மலைத்துப்போய் வைத்த பெயர். நல்லூர்த் தேரைப் பக்கத்தில் நிறுத்தினால் அது இதைக் குனிந்து பார்க்கும்.) சின்ன மேடுதான், ஆனால் பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது, வழியில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்ததும் உன் நினைவு வந்து அழுதுவிட்டேன். ரீச்சர் வந்து பக்கத்தில் இருந்தா. மலர் நடுவில் நின்று டெனிஷில் சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது, ரீச்சர் இளவயதில் நேபாளத்து ஆசுப்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை செய்தவவாம். தலையிடியைச் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டிருந்தா. நெஞ்சுக்குள் ஹூக்காச் சத்தம் என்று மலர் வாயால் கொறகொறவென்று செய்து காட்டினதும் ரீச்சரின் முகம் மாறிவிட்டது. எவ்வளவு நாளாய் என்று கேட்டா. கடிதம் வந்து சேரப் பிடித்த நாட்களையும் சேர்த்து எண்ணினோம். அவ என் முழங்காலில் கை வைத்தா. அந்தக் கையின் பாரம் இன்னும் என் காலில் இருக்கிறது.

அவ சொன்னதை மலர் அப்படியே எழுதுகிறாள், கவனமாய் வாசி. அந்த உயரத்தில் சாதாரணத் தடிமன், சளிகூட நெஞ்சுக்குள் தண்ணீராய் இறங்கும், குளிரில் தனியாகப் படுத்தால் இன்னும் மோசம், சூடான இடமும் பக்கத்தில் ஆளும் வேண்டும், முடிந்த கெதியில் இறங்க வேண்டும். காத்மண்டுப் பக்கம் வெளிக்கிடாதே, பாதை திறந்தாலும் அந்த வழியில் இன்னும் உயரமான கணவாய்கள் இருக்கிறதாம். ஆறு ஓடுகிற பக்கம் போ. ஆற்றோடு கீழே போனால் சிகாட்சே என்ற பெரிய பட்டினம் வரும், அங்கே மூச்சு வாயு வைத்திருக்கிற ஆசுப்பத்திரி இருக்கும் என்று சொன்னா. உன் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த மடத்து லொறி பார்லி ஏற்றிக்கொண்டு சிகாட்சேக்குப் போகிறது, ஏறு என்று பிக்குமார் சொன்னார்கள், நீ ஏறவில்லை. மகனே, உன்னை அந்தக் குளிரில் பிடித்து வைத்திருப்பது மலைச்சரிவு இல்லை, நான்.

உனக்குத் தந்தி அடித்தோம். காத்மண்டுவில் உன் பஸ் கொம்பனிக் கந்தோருக்கும் அப்பா போன் எடுத்தார், சரிந்த இடத்தை நடந்து கடந்து ஒரு டிரைவர் அந்தப் பக்கம் போகிறான், கடிதம் வந்தால் அவன் கையில் கொடுப்போம் என்றார்கள். தந்தியில் கீழே இறங்கு, மடத்தாரின் உதவியை வாங்கு என்று போட்டிருக்கிறது. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். யாரோ கந்தோர்க்காரன் எழுதின தந்தி என்பாய், அம்மா பயத்தில் சொல்லுகிறா, சத்தியத்தை மீறினால் அம்மாவின் தலைக்குக் கேடு என்று பஸ்ஸுக்குள்ளேயே கிடப்பாய். தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை அந்தத் தலையைத் தொட்டுத்தான் அவிழ்க்க வேண்டும், கேட்க ஒரு சாட்சியும் வேண்டும், அப்படித்தான் எங்கள் வீட்டில் செய்து பழக்கம். என் தலையை உனக்கு எப்படி அனுப்புவேன். அதனால் என் தலைமயிரில் ஒரு கற்றை வெட்டி, பிள்ளையாருக்கு முன்னால் வைத்தெடுத்து, வெள்ளை நூலால் கட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். அதன் மேல் வலது கையை வை. அம்மா வாங்கின சத்தியத்தை அம்மாவே விட்டுவிட்டா என்று வாயால் சொல்லு. சாட்சிக்குத் தமிழர் யாரும் அங்கே இல்லை. அந்தத் தேத்தண்ணிப் பிள்ளையைக் கூப்பிடு. அவனுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, அவன் காதில் விழட்டும். பிறகு அவன் கையாலேயே அந்தத் தேத்தண்ணியை வாங்கி, அவன் பார்க்கக் குடி. அதோடு லொறியில் ஏறு.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்த உடுப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கால் ஓடாது, அப்படிப்பட்டவர்களின் கையில் என் பிள்ளையை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு அதைவிடப் பயமாய் இருக்கிறது. மலர் அதை வாயால் செய்து காட்டின நாள் முதல் வீட்டில் தண்ணீர்க்குழாய் கொறகொறத்தாலும் எழும்பி ஓடுகிறேன். அந்தச் சின்னப் பிக்குவுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பா, அவவை நினைத்துக்கொண்டு என் மனதைத் தேற்றுகிறேன்.

காதை மூடிக் கட்டு, ஈரச் சப்பாத்தோடு படுக்காதே, சிகரெட் குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், விடு. பஸ் கிடக்கட்டும், அதற்கு நெஞ்சு இல்லை. சிகாட்சே போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு சொல் தந்தி அடி, சுகம் என்று மட்டும் போட்டால் போதும். பிள்ளையார் உன்னோடு நிற்பார், அங்கே யாருடைய உருவத்தில் நிற்கிறாரோ அவரைக் கும்பிடு. நூறு வயது இருந்து நல்லாய் வாழு என் ராசா.

இடது கையால் ஒப்பமிடும்,
உன் அம்மா
ஞானேஸ்வரி

(அண்ணா, அம்மா குசினிக்குப் போய்விட்டா. கற்றையை வெட்டினது நான்தான். கொஞ்சமாய் வெட்டு என்றா, நான் பயத்தில் கூட வெட்டிவிட்டேன், காதுக்குப் பின்னால் எலி கடித்த மாதிரி இருக்கிறது, நீ வந்து பார்க்கும்வரை அவவுக்குச் சொல்லாதே. போகிற போக்கில் அம்மா அந்த மடத்துப் படத்தைப் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து எடுத்துத் திருப்பி முன்னால் வைத்துவிட்டுப் போனா. கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தா, அதனால் கோபுரம் தலைகீழாய் நிற்கிறது. நான் நிமிர்த்தவில்லை. உன் தந்தி வரட்டும், அவவே நிமிர்த்தட்டும். அந்தத் தேத்தண்ணியைக் குடி அண்ணா. மலர்.)