விரலின் முதல் கோடு

மாமா,

இன்று காலை பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் சின்னவள் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். முழங்கை மடிப்பு மறுபடியும் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் அவளுக்கென்று எழுதிக் கொடுத்த, வலு குறைந்த ஸ்டீராய்டு க்ரீமை எடுத்து என் ஆள்காட்டி விரல் நுனியில் பிதுக்கினேன். முதல் ரேகையை நெருங்குவதற்குள், "போதும்மா, கோட்டத் தாண்டாதீங்க, தாத்தா வைவாங்க" என்றாள்.

நீங்கள் போய் இரண்டாவது பொங்கல் வரப்போகிறது. இந்த வீட்டில் அந்த டியூபுக்குக் காவல் இன்னும் நீங்கள்தான்.

நான் மருமகளாக வந்த புதிதில் உங்கள் கைகள் நன்றாகத்தான் இருந்தன. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, பால் கறப்பது, சோப்புப் போட்டுத் தூக்குப் பாத்திரம் கழுவுவது, தென்னந்தோப்பில் உரம் கலப்பது என்று நாள் முழுக்க ஈரத்திலும் மருந்திலும் கிடந்த கைகள். எப்போது ஆரம்பித்தது என்று எனக்கும் சரியாகத் தெரியாது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு உள்ளங்கை சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, ரேகைகள் வெடித்து ரத்தம் கசிந்தது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டீர்கள். "வெள்ளக்காரனாட்டப் பழகிக்கறேன் அம்முணி" என்று சிரித்தும் வைத்தீர்கள்.

கரண்டி பரவாயில்லை. எனக்குத் தாங்காதது வேறொன்று. நல்ல நாளில் நாங்கள் உங்கள் காலில் விழுந்தால், தலையில் கை வைக்காமல் ஒரு சாண் உயரத்திலேயே நிறுத்தி, காற்றில் ஆசீர்வாதம் செய்ய ஆரம்பித்திருந்தீர்கள்.

சுற்று வட்டாரத்துக் கல்யாணங்களில் நீங்கள் அருமைக்காரர். நம் பக்கத்தில் ஐயர் வந்தாலும் வராவிட்டாலும் அருமைக்காரர் இல்லாமல் முகூர்த்தம் நடக்காது. பாலில் அறுகம்புல்லைத் தொட்டு மணமக்களை வாழ்த்துவதும், இருவர் கையையும் பிடித்துக் கோத்து வைப்பதும் அவர் கைதான். அப்படிப்பட்ட நீங்கள், உங்கள் மகள் வயிற்றுப் பேத்தியின் கல்யாணம் நிச்சயமான அன்று, அடுத்த ஊரிலிருந்து வேறு அருமைக்காரரைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டீர்கள்.

"ஏனுங்கப்பா, சொந்தப் பேத்திக்கு நீங்க செய்யாம வேற யாருங் செய்வாங்க?" என்று அழாத குறையாகக் கேட்டார் பெண்ணின் அம்மாவான அண்ணி.

"பால்ல முக்கற கை சாமி. இந்தக் கையப் பாத்து மாப்ள ஊட்டுக்காரங்க மூஞ்சியச் சுளிச்சாங்கன்னா, அந்தப் புள்ளைக்குத்தான அசிங்கம்?"

நான் அன்றைக்கே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். கல்யாணத்துக்கு நாள் இருந்தது. அந்தக் கைகள் மேடை ஏறியே ஆக வேண்டும்.

மருந்து போடாதவரில்லை நீங்கள். மெடிக்கல் ஷாப்பில் படைக்கும் சொறிக்கும் என்று சீட்டில்லாமல் கொடுத்த டியூபைப் போட்டீர்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, நீங்களும் நிறுத்தினீர்கள். அடுத்த வாரமே முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. மறுபடி போட்டீர்கள், மறுபடி நிறுத்தினீர்கள். கடைசியில் வாளையார் டீக்கடையில் யாரோ, அது ஸ்டீராய்டு, எலும்பை உருக்கிவிடும் என்று சொல்ல, டியூபை எருக்குழியில் வீசிவிட்டு வந்தீர்கள்.

பாலக்காட்டுத் தோல் டாக்டரிடம் உங்களை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? அந்த அம்மா கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தடியில் சுரண்டிச் சோதித்து, இது படை இல்லை, கரப்பான், ஈரமும் சோப்பும் கிளப்பிவிடுவது என்றார். சீட்டை எழுதி நீட்டியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "இது ஸ்டீராய்டுங்களா?"

"ஸ்டீராய்டு தன்னெ" என்றார் டாக்டர், ஸ்டீராய்டேதான் என்று மலையாளத்தில்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். "அம்முணி, எந்திரி. ஊட்டுக்குப் போலாம்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பா, இருங்கோ. தோப்பில தெங்குக்கு மருந்து அடிக்குமோ?"

"அடிப்பமுங்க."

"அளவு நோக்கியோ, இல்ல டின்னோட கவிழ்த்துவீங்களா?"

"டின்னோட கவுத்தா மரம் கருகிப் போயிருமுங்க."

"அப்போ இதும் அதுபோலத்தான். அளவு, இடம், நாள். மூணும் ஞான் சொல்லித் தராம்."

உட்கார்ந்தீர்கள். எனக்கு அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

டாக்டர் உங்கள் விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை க்ரீமைப் பிதுக்கிக் காட்டினார். அவ்வளவுதான் ஒரு கைக்கு, முன்னும் பின்னும். உள்ளங்கைத் தோல் கெட்டி என்பதால் இது வலுவான மருந்து. முகத்திலோ தொடையிடுக்கிலோ வைக்கக் கூடாது. நாளுக்கு ஒரு வேளை, வீக்கமும் சிவப்பும் உள்ள இடத்தில் மட்டும். வாசனையில்லாத, ஈரப்பதம் காக்கும் க்ரீம் எத்தனை முறை வேண்டுமானாலும் தடவலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விட வேண்டும். சிவப்பு போனதும் நிறுத்தாமல் சொரசொரப்பு அடங்கும்வரை போட வேண்டும். பிறகு அவர் பார்த்துக் குறைப்பார். அவர் சொன்ன நாளுக்கு மேல் இழுத்தால் தோல் மெலிந்துவிடும்.

அன்றிலிருந்து நம் வீடு ஒரு போர்க்களம்தான். முதல் வாரம் முடிவதற்குள், "ஆயிருச்சு அம்முணி, போதும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். உள்ளங்கையில் என் விரலை ஓட்டிப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது. "சிவப்புத்தானுங் மாமா போயிருக்குது. சொரசொரப்பு அப்படியே இருக்குது. நீட்டுங்க கைய."

"மாமனார அதட்டற மருமகள இந்த ஊர்ல இப்பத்தான் பாக்கறேன்" என்றீர்கள். நீட்டினீர்கள்.

பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொழுவத்துக்குள் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பி வந்து, "மாடு என்னைய ஊசி போடற டாக்டருன்னு நெனச்சுட்டு அக்கட்ட ஓடுது" என்று நீங்கள் சொன்னபோது அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்.

கல்யாணம் நெருங்க நெருங்க உங்கள் பயம் போய் ஆசை வந்தது. "சீக்கரம் ஆகோணுமே. இன்னொரு விரலுக்குச் சேத்துப் போடட்டுமா?"

"டின்னோட கவுக்கப் போறீங்களா மாமா?" என்றேன். டியூபை மூடி வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் கண்காணிக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா உங்கள் கை தேறியதைப் பார்த்துவிட்டு, தன் மகளுக்கு முகம் கறுப்பாக இருக்கிறது, வெளுக்கக் கொஞ்சம் தடவிப் பார்க்கட்டுமா என்று கேட்டு வந்தபோது, நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஏனம்முணி, உன்ற பல்லு வெளக்கற பிரஷ்ஷ எனக்குக் கடன் குடுப்பியா?"

"அய்ய, அது எப்படிங் மாமா?"

"இதும் அப்படித்தான். இது என்ற கைக்கு எழுதுனது. மொகத்துல வெச்சா தோலு வெந்து போகும். அந்தப் புள்ளைக்கு மொகத்துல என்ன கொறச்சல்? ராணியாட்ட இருக்குது."

கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்ததை நான் பார்த்தேன்.

டாக்டர் நாள் விட்டு நாள் என்று குறைத்து, பிறகு நிறுத்தியும்விட்டார். அதற்கப்புறம் வந்த வருஷங்களிலும் மழைக்காலத்தில் அது எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அதனால் என்ன? அதை அடக்குகிற வழி நமக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

கல்யாணத்தன்று அருமைக்காரராக நீங்களே தலைப்பாகை கட்டி மேடையேறினீர்கள். பால் கிண்ணத்தில் அறுகம்புல்லைத் தொட்டு எடுத்தபோது முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உங்கள் கையைக் கவனிக்கவேயில்லை. எல்லோருடைய கையையும் போல அதுவும் ஒரு கை. ஒருவரும் கவனிக்காததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேத்தியின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கோத்து, உங்கள் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தீர்கள். தேவைக்கு மேல் சற்று நேரம் விடாமலே பிடித்திருந்தீர்கள். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மேடையிலிருந்து இறங்கியதும் நானும் உங்கள் பிள்ளையும் காலில் விழுந்தோம். வழக்கம்போல அந்த ஒரு சாண் இடைவெளியை எதிர்பார்த்துக் குனிந்திருந்தேன். இடைவெளி இல்லை. உள்ளங்கை முழுதாக என் உச்சியில் வந்து இறங்கியது. வெதுவெதுப்பாக, கனமாக, கொஞ்சம் பால் ஈரத்தோடு.

காலையில் சின்னவளின் முழங்கையில் க்ரீமைத் தேய்த்து முடித்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் நான் அவள் தலையில் கை வைத்தேன், மாமா. உள்ளங்கை முழுதாக.